தோப்பிலும் திராட்சைத் தோட்டத்திலும் ஆடு மேய்க்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரங்களுக்கு நடுவே புல் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். அதை வெட்ட ஆள் வேண்டும், இல்லையென்றால் இயந்திரமும் எரிபொருளும் வேண்டும், அதுவும் இல்லையென்றால் களைக்கொல்லி. அந்தப் புல்லையே தீவனமாக்கிவிட்டால் ஒரே வேலையில் இரண்டு காரியம் முடிகிறது. ஆனால் புல்லைத் தின்னும் வாய்தான் பட்டையையும் கடிக்கும், துளிரையும் கிள்ளும். மரம் பிழைக்க வேண்டும், ஆடும் பிழைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

உள்ளே விட்டால் மரத்தைத் தின்றுவிடாதா?

தின்னும். "எங்கள் ஆடு மரத்தைத் தொடாது" என்று யாராவது சொன்னால், அந்த ஆட்டுக்கு இன்னும் புல் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

செம்மறி ஆடு பொதுவாக முதலில் இளம்புல்லைத் தேடும், பிறகு அகன்ற இலைக் களைகள், பிறகு முற்றிய புல். அதன் பிறகுதான் கைக்கெட்டும் கிளையும் பட்டையும். இதில் எந்தக் கட்டத்தில் நீங்கள் மந்தையை வெளியே ஓட்டுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சேதமான தோட்டங்களைக் கேட்டுப்பார்த்தால் பெரும்பாலும் கதை ஒன்றுதான்: நான்கு நாள் நன்றாக மேய்ந்தது, ஐந்தாம் நாள் யாரும் போய்ப் பார்க்கவில்லை. இனம், வேலி, பயிற்சி எல்லாம் உதவும். ஆனால் தினமும் ஒருமுறை தோட்டத்துக்குள் நடந்துபோய்ப் பார்க்க ஆள் இல்லையென்றால் இந்த முறையையே தொட வேண்டாம் என்பது என் கருத்து.

எந்த விலங்கு ஏற்றது?

பழத்தோட்டத்துக்கும் திராட்சைக்கும் முதல் தேர்வு செம்மறி. தலையைக் குனிந்து தரையில் மேய்வது அதன் சுபாவம். உடல் எடை குறைவு, மண்ணை அதிகம் அழுத்தாது, மந்தையாகவே நகரும், ஓட்டிச் செல்வதும் எளிது.

வெள்ளாடு வேண்டாம். அது புல்லைவிட தழையை விரும்பும். பின்னங்கால்களில் எழுந்து நின்று ஓர் ஆள் உயரத்துக்கு எட்டும். சாய்ந்த மரமென்றால் ஏறியே விடும். புதிதாகத் தோட்டம் போடுவதற்கு முன் முட்புதரை அழிக்க வெள்ளாட்டைப் போல் வேலைக்காரன் கிடையாது. அந்த வேலை முடிந்து கன்று நட்ட பிறகு அதற்கு உள்ளே இடமில்லை.

மாடு உயரமான மரங்களுக்குச் சரி. தென்னந்தோப்பில் மட்டைகள் மாட்டின் வாய்க்கு எட்டாத உயரத்துக்குப் போன பிறகு அடியில் மேய்ப்பது பசிபிக் தீவுகள் உட்படப் பல நாடுகளில் நடக்கிறது. குட்டை மரங்களுள்ள தோப்பில் மாடு உடம்பைத் தேய்த்தே கிளையை முறித்துவிடும். குதிரை பட்டையை உரிப்பதில் கெட்டிக்காரன், ஆகவே விட்டுவிடலாம்.

பன்றிக்கு ஒரு குறிப்பிட்ட வேலை உண்டு. பூச்சி விழுந்து உதிர்ந்த பிஞ்சுகளைத் தேடித் தின்னும், உள்ளே இருக்கும் புழுவும் சேர்ந்தே போய்விடும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஆப்பிள் தோட்டங்களில் பிஞ்சைத் துளைக்கும் கூன்வண்டைக் கட்டுப்படுத்த இப்படிப் பன்றிகளை விட்டுச் சோதித்திருக்கிறார்கள். சிக்கல் மூக்கில் இருக்கிறது. பிஞ்சு தீர்ந்ததும் மண்ணைக் கிளற ஆரம்பிக்கும், மேலாக ஓடும் ஊட்டவேர்கள் அறுபடும். அதனால் பன்றி என்றால் நாள்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் யோசிக்க வேண்டும்.

கோழியும் வாத்தும் மரத்துக்கு அதிகத் தீங்கு செய்யாதவை. கோழி மண்ணில் கூட்டுப்புழுவாகக் கிடக்கும் பழ ஈயையும் வண்டையும் கிளறித் தின்னும். ஆனால் மரத்தடி மூடாக்கையும் சேர்த்துக் கிளறித் தள்ளிவிடும், இளம் மரத்தின் வேர் வெளியே தெரிய ஆரம்பிக்கும். வாத்து கிளறாது, நத்தையைத் தேடும். தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் அருகே ஒரு திராட்சை எஸ்டேட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியன் ரன்னர் வாத்துகள் தினமும் வரிசையாகக் கொடிகளுக்குள் போய் நத்தை தின்றுவிட்டுத் திரும்புகின்றன. கூஸ் வாத்து நன்றாகப் புல் மேயும். அகன்ற இலைக் களையை அவ்வளவாகத் தொடாது என்பதால் அதை நம்பிக் களையெடுப்பை முழுதாக விட்டுவிட முடியாது.

செம்மறியில் குறிப்பிட்ட இனம் வேண்டுமா?

உயரம் குறைந்த இனம் என்றால் கொஞ்சம் நிம்மதி. பேபிடால் சவுத்டவுன் என்ற இனம் தோளளவில் 45 முதல் 60 சென்டிமீட்டர்தான். திராட்சைக் கொடி படரும் முதல் கம்பி அதைவிட நன்றாக மேலே இருந்தால் இலை வாய்க்கு எட்டாது. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் இனத்துக்கு மரத்தை அதிகம் கடிக்காத ஆடு என்று பெயர் உண்டு. பெயர் உண்டு என்பதற்காக உத்தரவாதம் உண்டு என்று ஆகாது. பசித்த ஷ்ராப்ஷயரும் பட்டை தின்னும்.

இனத்தைவிட நான் முதலில் பார்ப்பது மூன்று விஷயம்: கொம்பில்லாத ஆடா, நீண்ட கம்பளி இல்லாததா, இதற்கு முன் பட்டை கடித்த பழக்கம் உண்டா. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். ஆடு பார்த்துக் கற்றுக்கொள்ளும் விலங்கு. ஒரு கிழட்டு ஆடு பட்டை உரிப்பதைப் பக்கத்தில் நிற்கும் நான்கு குட்டிகள் பார்த்தால் அடுத்த வாரம் ஐந்து ஆடு உரிக்கும். அப்படிப்பட்டதை மந்தையிலிருந்து உடனே பிரித்துவிட வேண்டும், தயவுதாட்சண்யம் கூடாது. கிடாக்களையும் தோப்புக்குள் விட வேண்டாம். கொம்பில்லாத கிடாவும் மரத்தண்டில் முட்டிப் பார்க்கும்.

திராட்சைத் தோட்டத்தில் எப்போது விடலாம், எப்போது எடுக்கலாம்?

அறுவடை முடிந்ததிலிருந்து மொட்டு வீங்கத் தொடங்கும் வரை. இலை உதிர்க்கும் கொடியாக இருந்தால் இந்தக் காலத்தில் ஆட்டுக்குத் தின்னக் கொடியில் ஒன்றும் இல்லை. உதிர்ந்த இலையைத் தின்றாலும் நல்லதுதான், சில நோய்களின் வித்துகள் அந்தச் சருகில்தான் அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கும்.

வெளியே எடுக்கும் நாளைத் துளிர் பச்சையாகத் தெரியும் நாளாக வைத்துக்கொள்ளாதீர்கள். மொட்டு பஞ்சுபோல் உப்பும்போதே எடுத்துவிட வேண்டும். ஆடு ஒரு மொட்டைக் கிள்ளினால் பக்கத்து மொட்டு துளிர்க்கத்தான் செய்யும். ஆனால் அந்த இரண்டாவது துளிரில் குலைகள் குறைவாகவே வரும். அதாவது ஒரு கடியில் போவது இலை இல்லை, அந்த ஆண்டின் குலை. தோட்டம் முழுவதும் ஒரே நாளில் துளிர்ப்பதும் இல்லை. வெயில் படும் சரிவும் முன்கூட்டியே துளிர்க்கும் ரகமும் முந்திக்கொள்ளும். பார்வையை அங்கே வைத்துக்கொண்டு, அந்தப் பகுதியிலிருந்து முதலில் காலி செய்யுங்கள்.

பந்தல் முறையில் இலைக்கூரை தலைக்குமேல் இருப்பதால் பருவத்திலும் குட்டையான செம்மறி மேயலாம். அங்கே கவனிக்க வேண்டியது தொங்கும் துளிர்களையும், மருந்து தெளிப்பையும் தான். தெளிப்பு பற்றிக் கீழே தனியாக இருக்கிறது.

கோடையில் இலை கிள்ள ஆட்டையே விடுகிறார்களாமே?

உண்மைதான். நியூசிலாந்தின் சில திராட்சைத் தோட்டங்களில், குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் குறைத்துக் காற்றும் வெளிச்சமும் போக வைக்க மந்தையை விடுகிறார்கள். காய் பிடித்த பிறகு, குலை நெருங்கி மூடுவதற்கு முன் உள்ள சில வாரங்களில் காய் கடினமாகவும் புளிப்பாகவும் இருக்கும். ஆடு இலையைத்தான் விரும்பும். சர்க்கரை ஏறத் தொடங்கிவிட்டால் குலையையே தின்றுவிடும்.

இதைப் புதியவர்கள் முதல் ஆண்டே முயல வேண்டாம். நெருக்கமாக நிறைய ஆட்டை விட்டு, ஒரு சிறு பகுதியில் வேலை முடிந்ததும் அன்றே நகர்த்தும் வித்தை அது. கூடவே ஆள் நிற்க வேண்டும்.

மற்றப் பழமரங்களில் எந்தக் காலம்?

மரத்தின் உயரம்தான் காலத்தைத் தீர்மானிக்கும். அடிக்கிளை ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் பெரிய மரங்களில் அறுவடைக்கு முன்னுள்ள மாதங்களைத் தவிர்த்து மீதிக் காலமெல்லாம் செம்மறி மேயலாம். குட்டை மரங்களை நெருக்கி நட்ட இன்றைய தோட்டங்களில் கிளையெல்லாம் இடுப்பளவில் இருக்கும். அங்கே இலையும் காயும் இல்லாத காலத்தில் மட்டும், அதுவும் குறைந்த நாட்களுக்கு. ஆண்டு முழுவதும் இலை இருக்கும் எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளில் கிளையை அடியிலிருந்து உயர்த்திக் கவாத்து செய்யாமல் ஆட்டை விடக்கூடாது. அந்த இலை ஆட்டுக்குப் பிடிக்கும்.

பட்டை விஷயத்தில் இரண்டு ஆபத்தான நேரங்கள் உண்டு. ஒன்று, மேய்ச்சல் தீர்ந்த வறண்ட காலம் அல்லது குளிர்காலக் கடைசி. மற்றொன்று பலரும் எதிர்பார்க்காதது: சாறு ஏறும் துளிர்க்காலம். அப்போது பட்டை தளர்ந்து இனிப்பாக இருக்கும், ஒரு பல் பதித்து இழுத்தால் நாடாவாக உரிந்து வரும்.

ஏக்கருக்கு எத்தனை ஆடு?

நிலையான எண் கிடையாது. புல்லை வைத்துக் கணக்குப் போட வேண்டும். ஒரு முறை கையால் போட்டுப் பார்த்தால் பிறகு கண்ணளவிலேயே வந்துவிடும்.

50 கிலோ எடையுள்ள செம்மறி ஒரு நாளைக்கு உலர்எடையில் தோராயமாக 1.5 கிலோ தின்னும். உங்கள் தோப்பில் ஓர் ஏக்கரில் உலர்எடையில் 600 கிலோ புல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் புல்லை அறுத்துக் காயவைத்து எடை போட்டால் இது தெரிந்துவிடும்: ஏக்கருக்குச் சுமார் 4,000 சதுர மீட்டர், ஆகவே மீட்டருக்கு 150 கிராம் வந்தால் ஏக்கருக்கு 600 கிலோ. இதில் பாதியைத்தான் தின்னக் கொடுக்க வேண்டும். மீதிப் பாதி மிதிபடும், மண்ணை மூடும், மறுபடி தழையும். ஆக 300 கிலோ. அதை 1.5 ஆல் வகுத்தால் 200. அதாவது 20 ஆடு 10 நாள், அல்லது 100 ஆடு 2 நாள்.

இரண்டும் கணக்கில் ஒன்றுதான், மரத்துக்கு ஒன்றல்ல. 20 ஆட்டை 10 நாள் ஒரே ஏக்கரில் அவிழ்த்துவிட்டால் முதல் நான்கு நாள் ருசியானதைப் பொறுக்கித் தின்றுவிட்டு, மீதி நாளில் மரத்தை அண்ணாந்து பார்க்கும். அதே ஏக்கரை நான்காகப் பிரித்து ஒவ்வொன்றிலும் இரண்டரை நாள் வைத்தால் எல்லாப் புல்லையும் சமமாக மேயும், எப்போதும் புதுப்புல் முன்னால் இருக்கும். புல் நாலு விரல் உயரத்துக்கு வந்ததும் அடுத்த பிரிவுக்கு மாற்றுங்கள். கணக்கில் இன்னும் ஒரு நாள் மிச்சம் இருந்தாலும் கணக்கை நம்ப வேண்டாம், புல்லை நம்புங்கள்.

பட்டை கடிக்க ஆரம்பித்ததை எப்படிச் சீக்கிரம் கண்டுபிடிப்பது?

தண்டுக்கு அருகே குந்தி உட்கார்ந்து, ஆட்டின் தோள் உயரத்தில் பாருங்கள். முதலில் தெரிவது உரிந்த பட்டை அல்ல. செதில்கள் போய் வழவழவென்று, ஈரத்தோடு மினுங்கும் ஓர் இடம். நக்கிப் பார்த்திருக்கிறது. அடுத்தது கீழ்ப்பல் மேல்நோக்கி இழுத்த தடங்கள், விரல்நகத்தால் கீறியதுபோல் இணையாக இரண்டு மூன்று கோடுகள். ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, அதனால் தடம் எப்போதும் கீழிருந்து மேலாகப் போகும். முயலும் எலியும் கடித்த தடம் தரைக்கு அருகே, சின்னதாக, குறுக்காக இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஆட்டின்மேல் பழி போடுவதும் நடக்கிறது.

அந்த மினுங்கும் இடத்தை ஒரு மரத்தில் பார்த்தாலே அன்றே மந்தையை மாற்றிவிடுங்கள். அப்புறம் காரணத்தைத் தேடலாம்: புல் தீர்ந்ததா, புல் ரொம்ப இளசாகி நார்ச்சத்து போதவில்லையா, உப்பு இல்லையா. இளம்புல் மட்டும் இருக்கும் காலத்தில் கொஞ்சம் வைக்கோலோ காய்ந்த புல்லோ போட்டால் பட்டை மேல் உள்ள ஆசை குறையும். தாது உப்புக் கட்டியும் வைக்க வேண்டும். அதையும் தண்ணீர்த் தொட்டியையும் மரத்தடியில் வைக்காமல் வரிசைகளுக்கு நடுவே வைத்து, இடம் மாற்றிக்கொண்டே இருங்கள்.

இளங்கன்றுகள் உள்ள தோட்டத்தில்?

முதல் இரண்டு மூன்று ஆண்டு செம்மறியே வேண்டாம், வாத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். விட்டே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு கன்றுக்கும் கம்பிவலைக் கூண்டு. செம்மறிக்கு 1.2 மீட்டர் உயரம் போதும், மாட்டுக்கு 1.8 மீட்டரும் கனமான கால்களும் வேண்டும். வலை தண்டிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். ஒட்டிச் சுற்றினால் அதன் வழியாகவே கடிக்கும், தண்டு பருத்த பிறகு வலையே கழுத்தை நெரிக்கும். பிளாஸ்டிக் உறை தேய்ப்பைத் தாங்காது. தண்டில் சாணக்கரைசல் பூசுவதும் கொஞ்ச நாள் பலன் தரும், மழை பெய்தால் மறுபடி பூச வேண்டும்.

போர்டோ கலவை தெளித்த தோட்டத்தில் ஆடு மேயலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். மரம் போனால் மறுபடி நடலாம். தாமிரத்தால் மந்தை போனால் அதற்கு முன் எந்த எச்சரிக்கையும் வராது.

போர்டோ கலவை என்பது மயில்துத்தமும் சுண்ணாம்பும். மயில்துத்தம் தாமிர உப்பு. மற்றக் கால்நடைகள் மிகுதித் தாமிரத்தை ஓரளவு வெளியேற்றிவிடும். செம்மறிக்கு அந்தத் திறமை மிகக் குறைவு. கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லீரலில் சேர்த்துவைத்துக்கொண்டே போகும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆடு நன்றாகவே மேயும், எடை கூடும். பிறகு ஒரு நாள் வண்டியில் ஏற்றியதாலோ, நாய் விரட்டியதாலோ, சினைப் பாரத்தாலோ உடம்பு அலுக்கும்போது கல்லீரல் அத்தனையையும் இரத்தத்தில் கொட்டிவிடும். சிவப்பணுக்கள் உடையும், கண் மஞ்சளிக்கும், மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். ஓரிரு நாளில் சாவு. அந்த நிலைக்கு வந்த ஆட்டைக் காப்பாற்றுவது கடினம்.

எவ்வளவு தாங்கும்? ஐரோப்பிய ஒன்றியத்தில் செம்மறிக்கான முழுத்தீவனத்தில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு கிலோவுக்கு 15 மில்லிகிராம். தெளித்த மறுநாள் புல்லில் இதைவிடப் பல மடங்கு ஒட்டியிருக்கும். அதனால் தெளித்த பிறகு நல்ல மழை கழுவிப் புதுப்புல் தழையும் வரை உள்ளே விடக்கூடாது. மழையே இல்லாத பருவமென்றால் அந்தப் பகுதியை அந்தப் பருவம் முழுவதும் மறந்துவிடுங்கள்.

இதோடு முடியவில்லை. தாமிரம் மண்ணில் அழியாது. பல பத்தாண்டுகள் போர்டோ தெளித்த பழைய திராட்சைத் தோட்டங்களில் மேல்மண்ணிலேயே தேங்கியிருக்கும். இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் தெளிப்பை 7 ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரம் என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. புல்லை ஒட்ட மேயும் ஆடு புல்லோடு மண்ணையும் விழுங்கும். நாலு விரல் உயரம் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய தோட்டமாக இருந்தால் முதலில் மண்ணையும் புல்லையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். டெக்சல் போன்ற சில இனங்கள் தாமிரத்துக்கு மிகவும் எளிதில் பலியாகும், அவற்றை இங்கே கொண்டுவர வேண்டாம். மாட்டுக்கான தாது உப்பில் தாமிரம் கூடுதலாக இருக்கும், செம்மறிக்கு அதை வைக்கவே கூடாது. இறக்கும் எந்த ஆட்டுக்கும் கல்லீரல் பரிசோதனை செய்யச் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். மந்தையின் நிலை அதில் தெரிந்துவிடும்.

மற்றப் பூச்சிமருந்து, களைக்கொல்லிகள்?

டப்பாவின் லேபிளில் மேய்ச்சல் தடைக்காலம் அச்சிட்டிருக்கும். சிலவற்றில் கால்நடையை விடவே கூடாது என்று இருக்கும். அறுவடைக்கு முன் விட வேண்டிய இடைவெளியும் இதுவும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டும் வேறு. காற்றில் பறந்துவரும் பக்கத்துத் தோட்டத் தெளிப்பையும் கணக்கில் எடுங்கள்.

கவாத்து செய்த கிளைகளைப் போட்டால் தின்னுமா?

ஆப்பிள், திராட்சைக் கழிவென்றால் தாராளமாகப் போடலாம். மரத்தில் நிற்கும் பட்டையிலிருந்து கவனத்தைத் திருப்பவும் உதவும். தெளித்த மருந்துதான் இங்கும் தடை.

செர்ரி, பிளம், பீச், ஆப்ரிகாட் கிளைகளைப் போடக்கூடாது. இவற்றின் இலை வாடும்போது சயனைடு வெளிப்படும். பச்சை இலையைவிட வாடிய இலைதான் கொடியது. காற்றில் முறிந்து விழுந்த ஒரு கிளை அரை நாள் வெயிலில் கிடந்தால் போதும், இளைப்பும் தள்ளாட்டமுமாக ஆடு சரிந்துவிடும். புயல் அடித்த மறுநாள் மந்தையை விடும் முன் இந்தத் தோப்புகளைச் சுற்றிப் பாருங்கள். அவகேடோ இலையும் பட்டையும் ஆடு, மாடு, குதிரை, பறவை எல்லாவற்றுக்கும் நஞ்சு: மடி வீக்கமும் இதயச் சேதமும் வரும். அந்தத் தோப்பில் மேய்ச்சலே வேண்டாம். வேலியோரத்தில் அரளி இருந்தால் அதற்கும் மந்தைக்கும் நடுவே இன்னொரு வேலி போட வேண்டும்.

உதிர்ந்த பழத்தைத் தின்றால்?

கொஞ்சம் தின்றால் நல்லது, தோப்பு சுத்தமாகும், பூச்சி பெருகாது. வெறும் வயிற்றோடு பழக்குவியலில் இறங்கினால் ஆபத்து. இனிப்பு திடீரென்று அதிகமானால் அசைபோடும் விலங்கின் முதல் வயிற்றில் அமிலம் ஏறிவிடும். ஆடு சோர்ந்து நிற்கும், கழிச்சல் போகும், முற்றினால் சாகும். வேறிடத்தில் வயிறு நிறைய மேய்த்துவிட்டு முதல் நாள் அரை மணி, மறுநாள் ஒரு மணி என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். துள்ளுமாரிக்கான தடுப்பூசி முன்பே போட்டிருப்பது அவசியம். அந்த நோய் இப்படிப்பட்ட திடீர் தீவன மாற்றத்துக்காகவே காத்திருக்கும்.

மண் இறுகிவிடாதா?

ஈர மண்ணில் கால்நடையை விட்டால் இறுகும். டிராக்டர் விட்டால் அதைவிட ஆழமாக இறுகும். காலை அழுத்தினால் செருப்பின் தடம் தெளிவாகப் பதிகிற மண்ணில் அன்றைக்கு மந்தை வேண்டாம். களிமண்ணுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். மழைநாட்களுக்கு என்று தோப்புக்கு வெளியே ஒரு மேட்டு நிலத்தை ஒதுக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஆடுகள் நிழலுக்காக ஒரே மரத்தடியில் படுக்கும். அந்த ஒரு மரத்தடி மட்டும் இறுகி, சாணமும் மூத்திரமும் குவிந்து, மரம் நோய்ப்படும். பிரிவுகளை மாற்றும்போது அந்த மரம் எது என்று பார்த்து, அடுத்த சுற்றில் அதை வேலிக்கு வெளியே விடுங்கள்.

அப்போ உரச் செலவு மிச்சமா?

கொஞ்சம்தான். தோப்பில் தின்ற புல்லின் சத்துதான் தோப்பிலேயே சாணமாக விழுகிறது, வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. வேகமாகச் சுழல்கிறது, அவ்வளவே. வெளியிலிருந்து தீவனம் கொண்டுவந்து கொடுத்தால் அப்போது மண்ணில் சத்து கூடும்.

பழத்தில் சாணக் கிருமி ஒட்டாதா?

ஒட்டும் வாய்ப்பு உண்டு, இதை இலேசாக எடுக்கக் கூடாது. அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளில் மக்காத எருவுக்கு ஓர் இடைவெளி உண்டு: விளைபொருள் மண்ணைத் தொடாவிட்டால் அறுவடைக்கு 90 நாள் முன்பும், தொடுமானால் 120 நாள் முன்பும் எரு இடுவதை நிறுத்த வேண்டும். எருவுக்கான விதி என்றாலும் மேய்ச்சலுக்கும் இதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். மந்தை மேய்ந்த பருவத்தில் தரையில் விழுந்த பழத்தைப் பொறுக்கி விற்காதீர்கள், சாறு பிழியவும் கூடாது.

கம்பி, சொட்டுநீர்க் குழாய் இவற்றுக்குச் சேதம் வராதா?

தரையில் கிடக்கும் குழாயை மிதிக்கும், கூஸ் வாத்து கொத்தும். அதை அடிக்கம்பியில் முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக் கட்டிவிட்டால் பெரும்பாலும் தொல்லை தீரும். நீண்ட கம்பளி கம்பியில் சிக்கும், ஆகவே கம்பளி வெட்டிய பிறகு விடுங்கள். பிரிவுகளுக்கு நடுவே மின்வலை வேலி வசதி. ஆனால் அதை முதன்முதலாகப் பார்க்கும் ஆட்டைத் தோப்பில் பழக்காதீர்கள். வெளியே திறந்த இடத்தில் ஓரிரு நாள் பழக்கியபின் கொண்டுவந்தால் வேலியைக் கண்டு மரத்துக்குள் பாயாது.

திராட்சை இலை பிடிக்காமல் ஆட்டைப் பழக்கலாமாமே?

கலிபோர்னியாவில் டேவிஸ் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தார் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆட்டுக்குத் திராட்சை இலையைத் தின்னக் கொடுத்து, உடனே லித்தியம் குளோரைடு என்ற உப்பைக் கொடுத்தால் குமட்டும். இலைதான் குமட்டியது என்று ஆடு நினைத்துக்கொண்டு அதன் பிறகு அந்த இலையை ஒதுக்கும். அறிவியலாக அருமை. ஆனால் பழகாத ஆடு ஒன்று மந்தையில் சேர்ந்து சுவைத்துத் தின்றால் மற்றவையும் பார்த்து மீண்டும் ஆரம்பிக்கும். அந்த உப்பு அமெரிக்காவில் உணவுக்கான கால்நடைகளுக்கு அனுமதி பெற்ற மருந்தும் அல்ல. தோட்டத்தில் நீங்களாகச் செய்து பார்க்கும் காரியம் இல்லை.

குடற்புழு அதிகமாகுமா?

ஒரே இடத்தில் நிறுத்தினால் ஆகும். சாணத்திலிருந்து வரும் புழுக்குஞ்சு புல்லின் அடிப்பகுதியில்தான் அதிகம் இருக்கும். வெப்பமான ஈரக்காலத்தில் முட்டை விழுந்த ஐந்தாறு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். மூன்று நாளுக்கு ஒருமுறை பிரிவு மாற்றினால் அதற்கு முன்பே மந்தை நகர்ந்துவிட்டிருக்கும். மரத்துக்காகச் செய்வது ஆட்டுக்கும் பொருந்தி வருவது இங்கேதான்.

சொந்த மந்தை வேண்டுமா, பிறர் மந்தை போதுமா?

ஆண்டில் சில மாதம் மட்டும் மேய்ச்சல் என்றால் பிறர் மந்தையே மேல். மீதி மாதங்களில் ஆட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வி வராது. ஆனால் எழுதிக்கொள்ளுங்கள்: மந்தையை வெளியேற்றச் சொன்னால் எத்தனை மணி நேரத்துக்குள் ஓட்ட வேண்டும், மரம் சேதமானால் யார் பொறுப்பு, கடைசியாக என்ன மருந்து எப்போது தெளித்தீர்கள். கடைசியாகச் சொன்னதை மேய்ப்பவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டும்.

பட்டை உரிந்துவிட்டது. மரம் பிழைக்குமா?

சுற்றளவில் பாதிக்குக் குறைவாக உரிந்திருந்தால் பெரும்பாலும் பிழைக்கும். கிழிந்த ஓரங்களைக் கூர்மையான கத்தியால் உறுதியான பட்டை வரை சீராக வெட்டிவிடுங்கள், தார் எதுவும் பூச வேண்டாம். அன்றே பார்த்து, உள்ளிருக்கும் மெல்லிய படலம் இன்னும் ஈரமாக வழுக்கினால், காயாமல் பாலித்தீன் தாளால் சுற்றி, வெயில் படாமல் மறைத்துவையுங்கள். சில வேளை புதுப்பட்டை வந்துவிடும்.

முழு வளையமாகப் போயிருந்தால் இலையில் உருவாகும் உணவு வேருக்குப் போகும் வழி அறுந்துவிட்டது. மேலே இலை ஒரு பருவம் பச்சையாகவே இருக்கும், அதைப் பார்த்துத் தப்பித்தது என்று நினைக்காதீர்கள். மதிப்புள்ள மரமென்றால் பாலம் ஒட்டு போடலாம்: அதே மரத்தின் உறங்குநிலைக் குச்சிகளைக் காயத்தின் கீழ்ப்பட்டைக்கும் மேல்பட்டைக்கும் இடையே, நுனி மேலே இருக்கும்படி, சில அங்குல இடைவெளியில் செருகி ஆணியடித்து மெழுகு பூசுவது. சாறு ஏறிப் பட்டை தளரும் காலத்தில்தான் ஒட்டு பிடிக்கும். அதுவரை குச்சிகளை ஈரத்துணியில் சுற்றிக் குளிரில் வைத்திருக்க வேண்டும். இளமரமாக இருந்தால் இவ்வளவு பாடு வேண்டாம். கன்றை ஒட்டுக்கட்டிய இடத்துக்கு மேலே காயமென்றால் காயத்துக்குக் கீழே வெட்டிவிட்டுப் புதுத்துளிரை வளர்க்கலாம். அந்த இடத்துக்குக் கீழே என்றால் பிடுங்கிவிட்டு வேறு கன்று நடுவதுதான் வழி.